தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது

நூற்றுக்கு அவ்வளவு நேரம்
தளம் விழித்திருக்கும் என்று போட்டிருந்தது.
ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை எனக்கு,
புள்ளிக்குப் பின்னால் இருப்பதைத்தான்
முதலில் பார்ப்பேன்.
மிச்சமிருந்த பூஜ்யம் புள்ளி ஒன்றை
ரிப்போர்ட் கவரின் முதுகில்
வருசத்துக்குப் பெருக்கினேன்.
எட்டு மணி நாற்பத்தைந்து நிமிடம்.

எந்த எட்டு மணி என்று
எங்கும் போடவில்லை.

போன வருசம் அது
பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் வந்தது.
குன்றக்குடியிலிருந்து திரும்பிய வேன்,
விடிகாலை மூன்று மணி,
காரைக்குடி ஆஸ்பத்திரியிலிருந்து போன்:
ஓ நெகட்டிவ், இரண்டு யூனிட்.
ஆயிரத்து நூற்றுச் சொச்சம் கொடையாளர்,
ஒவ்வொரு பெயரும் நானே தட்டி ஏற்றியது,
வெள்ளைத் திரையில்
ஒற்றைச் சக்கரமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.
ஹபீப் முகமதும் அதற்குள்தான் இருந்தார்.
ஓ.சிறுவயல்காரர்.
ஊரிலும் ஓ, ரத்தத்திலும் ஓ,
அதனால் ஆளை மறக்கவில்லை,
நம்பர்தான் நினைவில் இல்லை.

(ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்
கதவைத் தட்டினேன். பையன் பிழைத்தான்.
சொல்லாவிட்டால் கேட்பீர்கள்.)

மதியம் கம்பெனி பதில் அனுப்பியது:
தங்கள் அண்டைத் தளம் ஒன்றில்
எதிர்பாராத நெரிசல், வருந்துகிறோம்.
எனக்கு ஏது அண்டைத் தளம்?

பிறகு சுற்றிப் பார்த்தேன்.
பள்ளத்தூரில் நான் வாடகைக்கு இருப்பது
பதினாறு புள்ளிக்குச் சொந்தமான செட்டியார் வீடு.
புள்ளிக்கு ஓர் அறை, அறைக்கு ஒரு பூட்டு,
வளவும் கிணறும் மோட்டாரும் பொது.
சிங்கப்பூர்ப் புள்ளி
மகன் கல்யாணத்துக்கு வந்திறங்கினால்
மூன்று நாள் எனக்குக் குளிக்கத் தண்ணீர் வராது.
யாரையும் குற்றம் சொல்ல முடியாது,
அவர்களுக்கும் பாத்தியதை உண்டு.
மாதம் ஐம்பத்தொன்பது ரூபாய் சர்வரும்
இதே வீடுதான்.
பூட்டு மட்டும் தனி.

தனி சர்வருக்கு விலை கேட்டேன்,
என் சம்பளத்தில் கால்வாசி.
நடுவில் ஒரு வகை இருந்தது:
வீடு பொது, மோட்டார் நமக்கே நமக்கு.
முதல் வருச விலை கொட்டை எழுத்தில்,
இரண்டாம் வருச விலை
எறும்பு வரிசையில் கடைசி எறும்பு.
எல்லாரும் ஐந்து நட்சத்திரம் வைத்திருந்தார்கள்.
நட்சத்திரத்தை வைத்து என்ன செய்ய,
எனக்கு வேண்டியது மூன்று மணிக்கு ஓர் ஆள்.

ஆகவே அலாரம் வைத்து
இரண்டரைக்கு எழுந்தேன்.
எல்லாம் அழிந்துபோனால்
நேற்றைய பட்டியலை
எத்தனை மணிக்குள் திருப்பித் தருவீர்கள்?
ஒரு கம்பெனி வயலின் வாசித்தது.
இன்னொன்று, என் அழைப்பு தனக்கு முக்கியம் என்று
இருபத்திரண்டு நிமிடம் சொல்லிக்கொண்டிருந்தது.
திரை மூலையில் நிலா என்ற பொம்மைப் பெண்
கேள்வி புரியவில்லை, டொமைன் வேண்டுமா என்றாள்.
டீ போட்டுக் குடித்தேன்.
கடைசி எண்ணில்
கொட்டாவி ஒன்று கேட்டது.

நாகர்கோவில் பக்கத்துப் பேச்சு,
பெயர் ஜெபஸ்டின்.
"ஆனி மாசம் நாப்பது நிமிசம்
கெடந்து போச்சுக்கா, மறைக்க மாட்டேன்.
பேக்கப்பு வேற ஊருல கெடக்கு.
ஒருக்கா எல்லாத்தையும் அழிச்சுப் பாத்தோம்,
திருப்பி வைக்கதுக்கு ஒண்ணேகால் மணி ஆச்சு."

பேக்கப் எடுப்பதாக எல்லார் பக்கத்திலும் இருக்கிறது.
அழித்துப் பார்த்ததாகச் சொன்னது இவன் ஒருத்தன்.
இதற்குப் பெயர் நம்பிக்கையா தெரியவில்லை.
மூன்று வருசத்துக்குத் தள்ளுபடி உண்டு என்றான்,
ஒரு வருசத்துக்குக் கட்டினேன்.
சிரித்தான். நானும்.

மாற்றிய அன்று முழுக்க
சிலருக்குப் பழைய வாசல் திறந்தது,
சிலருக்குப் புதுசு.
மறுநாள் சரியாகிவிட்டது.
இப்போது வெள்ளிக்கிழமை தோறும்
பட்டியலை ஒரு நகல் அச்செடுத்து
சென்ட்ரிஃப்யூஜுக்குக் கீழே வைக்கிறேன்.
லேப் முதலாளி பேப்பர் செலவு என்கிறார்.

ஹபீப் முகமதின் எண்
ஒன்பதில் தொடங்கி ஒன்பதில் முடிகிறது.
நடுவில் எட்டு இலக்கம்.
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.